குளச்சல் பக்கம் கிட்டார் கம்பி ரெண்டே வாரத்துல துருப்பிடிக்குது, முதல் கம்பி அறுந்துட்டே இருக்கு

குளச்சல்_ஆறுகம்பி
டிரெட்நாட் அக்கூஸ்டிக். 12–53 பாஸ்பர் வெண்கலச் செட் போடுறேன் (மெல்லிசான முதல் கம்பி 12, தடிச்ச ஆறாம் கம்பி 53; அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு). வீடு கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள்ள. ரெண்டு பிரச்சினை இருக்கு. மாத்தி ரெண்டு வாரத்துல ஒண்ணாம் கம்பியும் ரெண்டாம் கம்பியும் விரலுக்குக் கரகரன்னு ஆகுது, அங்கங்க கறுப்புப் புள்ளி. ரெண்டாவது, முதல் கம்பி மட்டும் அறுகுது. கடைசி மூணு செட்டுலயும் அதேதான். கடையில கேட்டா பிராண்டை மாத்தச் சொல்றாங்க. கோயில் பத்தாம் திருவிழாவுக்கு மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரிபண்ணணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலைப்_பட்டறை
பிராண்டை மாத்துறதுக்கு முன்னாடி அறுந்த துண்டைப் பாரு மக்கா. கம்பி எந்த இடத்துல அறுந்ததோ அங்கதான் காரணம் இருக்கும். ஒரே கம்பி மூணு தடவை ஒரே இடத்துல அறுந்தா அது கம்பியோட குத்தமே இல்ல.

ட்யூனிங் கீ தண்டுகிட்ட அறுந்தா, தண்டு ஓட்டையோட விளிம்புல கூர் நிக்குது. நட்டுகிட்ட (தலைப்பக்கம் கம்பி உட்கார்ற பட்டை) அறுந்தா நட் பள்ளம் கம்பிக்கு இறுக்கமா இருக்கு. ட்யூன் பண்ணும்போது ‘டிக் டிக்’னு சத்தம் வரும், கீயைத் திருப்பினாலும் சுரம் நகராம நின்னு திடீர்னு தாவும். ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) மேல அறுந்தா ஃப்ரெட்டுல பள்ளம் விழுந்திருக்கு, இல்ல துரு அந்த இடத்தைத் தின்னுடுச்சு. பிரிட்ஜ் பக்கம், சேடில் (பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற பட்டை) மேல அறுந்தா சேடில் முனை கூரா இருக்கு. கம்பி நுனியில இருக்கிற உருண்டைக்குப் பக்கத்துல முறுக்கு இருக்குல்ல, அது அவிழ்ந்து வந்தா பிரிட்ஜ் ஓட்டையில செருகுற பின் சரியா உட்காரல.

உன்னோடது எங்க அறுந்தது?

குளச்சல்_ஆறுகம்பி
சேடில் மேலதான் அண்ணே. பழைய துண்டு ரெண்டு கிடந்தது, ரெண்டையும் அளந்து பார்த்தேன். உருண்டையில இருந்து ஒரே நீளத்துலதான் அறுந்திருக்கு.

தக்கலைப்_பட்டறை
அப்போ வேலை சுலபம். கம்பியைத் தளர்த்தி சேடிலை வெளிய எடு. முதல் கம்பி உட்கார்ற இடத்துல மெல்லிசா ஒரு வெட்டுக்கோடு தெரியும். நகத்தை ஓட்டினா மாட்டும். 600 நம்பர் வாட்டர் பேப்பரைச் சின்னதா மடிச்சு அந்த முனையை மட்டும் உருட்டி விடு. அப்புறம் 1000, கடைசியா 1500. பேப்பர் கம்பி போற திசையில, முன்னும் பின்னும் போகணும். குறுக்கே தேய்ச்சா புதுசா கோடு விழும். உயரத்தைக் குறைக்கிற வேலை இல்ல இது, கூர்முனையை மழுக்குற வேலை. பத்துப் பதினஞ்சு இழுப்பு போதும். சேடில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு எடுக்குறதுக்கு முன்னாடியே பென்சில்ல குறிச்சு வை. திருப்பிப் போட்டா மேல ஃப்ரெட்டுல சுரம் பொய்க்கும். சேடிலுக்கு அடியில பிக்கப் பட்டை இருந்தா ஒயரை இழுத்துடாதே.

இன்னொண்ணும் பாரு. உருண்டைக்கு மேல இருக்கிற முறுக்குப் பகுதி சேடில் மேல ஏறி நிக்குதா? அது பிரிட்ஜுக்கு உள்ளேயே முடியணும். ஏறி நின்னா உருண்டை அடிப்பலகையில (பிரிட்ஜுக்கு நேர் கீழ, உள்ளே ஒட்டின பலகை) போய் முட்டல, பின்னோட நுனியில தொத்திக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

சாமித்தோப்பு_காற்று
துருவைப் பற்றி நான் சொல்கிறேன். கடற்கரை ஊர்களில் இதைப் பலரும் வியர்வையின் மேலேயே போட்டுவிடுகிறார்கள். வியர்வைக்குப் பங்கு உண்டு, ஆனால் இங்கே அதைவிடப் பெரிய காரணம் காற்றில் வரும் உப்பு. அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு வந்து கம்பிமேல் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்போது தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ஆனி, ஆடியில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே நனைந்துவிடும். ஆக, யாரும் தொடாமல் சுவரில் தொங்கும் கிட்டாரின் கம்பிமேலும் ராத்திரி முழுக்க உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கும்.

ஒன்றும் இரண்டும் சுற்றில்லாத வெறும் எஃகுக் கம்பிகள். மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு இருக்கும். ஃப்ரெட்டில் உரசும் இடத்தில் அந்தப் பூச்சு முதலில் போய், அங்கிருந்து துரு தொடங்கும். நீங்கள் சொன்ன கறுப்புப் புள்ளிகள் ஃப்ரெட்டுக்கு நேராக இருக்கின்றனவா பாருங்கள்.

சுற்றுக் கம்பியில் நடப்பது வேறு, அது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே எஃகு, வெளியே வெண்கலம். இடையில் உப்புநீர் புகுந்தால் இரண்டு உலோகமும் பேட்டரி போல வேலை செய்யும். அதில் அரிபடுவது எஃகுதான், வெண்கலம் அல்ல. வெளியே பொன்னிறமாக இருக்கும் நாலாம் கம்பி ஒருநாள் சொல்லாமல் அறுவது இப்படித்தான்.

மார்த்தாண்டம்_கொயர்
எங்க பக்கம் வாசிச்சு முடிச்சதும் தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில தொட்டு ஓட்டி விடுவாங்க. துரு பிடிக்காதுன்னு சொல்றாங்க. அது சரிதானா?

சாமித்தோப்பு_காற்று
வெறும் கம்பிமேல் மட்டும், துணியில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற அளவுக்குத் தொட்டால் கொஞ்ச நாள் துருவைத் தள்ளிப்போடும். ஆனால் உப்பைத் துடைக்காமல் எண்ணெய் தடவினால் உப்பை உள்ளே வைத்து மூடுகிறீர்கள். சுற்றுக் கம்பியில் எண்ணெய் சுற்றின் இடுக்குக்குள் போய்த் தூசியோடு பிசினாகிவிடும். ஒரே வாரத்தில் ‘டங்’ என்ற ஒலி ‘டொப்’ என்று ஆகும். ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காய்கிற எண்ணெய் அல்ல. பிசுக்கென்று நின்று நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். கிட்டாருக்கென்று விற்கும் ஃப்ரெட்போர்டு எண்ணெய் வருஷத்துக்கு ஒரு தடவை, நாலைந்து சொட்டு போதும். தடவிப் பத்து நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் போட்ட மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

உப்பை நீக்க நீர்தான் வேண்டும். எண்ணெயும் எடுக்காது, சுத்த ஸ்பிரிட்டும் எடுக்காது, ஏனென்றால் உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. அதிலுள்ள 30 பங்கு நீர் உப்பை எடுக்கும், 70 பங்கு ஆல்கஹால் கைப்பிசுக்கை எடுக்கும். துணியில் ஊற்றிப் பிழிந்து, கம்பிக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகிவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்து ஒரு தடவை ஓட்டுங்கள். உடனே காய்ந்த பனியன் துணியால் இன்னொரு தடவை. கிட்டார் வார்னிஷில் ஒரு சொட்டும் படக்கூடாது. ஷெல்லாக் பூசிய கிட்டார் என்றால் கட்டாயம் படக்கூடாது, கரைந்துவிடும். கைக்குப் போடும் சானிடைசரை எடுக்காதீர்கள். அதில் கிளிசரின் இருக்கும், அது ஈரத்தை இழுக்கும்.

இது வாரத்துக்கு ஒரு தடவை. தினமும் வாசித்து முடித்ததும் காய்ந்த துணி மட்டும். வாசிக்கும் முன் கை கழுவுவது இதையெல்லாம்விட முக்கியம்.

கோட்டாறு_பேஸ்
பழைய கம்பியைக் கொதிநீரில் போடும் முறையையும் சொல்லணும். சுற்றுக்குள்ள இருக்கிற அழுக்கு போய் ஒலி திரும்ப வரும், உண்மைதான். ஆனா நாலஞ்சு நாள்ல பழையபடி ஆயிடும். கழற்றி மாட்டும்போது தண்டுல வளைஞ்ச இடம் திரும்ப வளையும், அங்கயே அறுகும். 45–105 பேஸ் செட்டு விலை அதிகம்ங்கிறதால பேஸுக்கு இதைச் செய்யலாம். ஆறுகம்பி அக்கூஸ்டிக்குக்குச் செய்யாதீங்க. கரையோரக் கிணத்துத் தண்ணியில போட்டா இன்னும் மோசம், உப்பையே சுற்றுக்குள்ள ஏத்தின மாதிரி ஆயிடும். பேஸுக்கும் கொதிக்க வைக்கிறதைவிட மூடியுள்ள குழாயில ஐசோபுரோப்பைல் ஊத்தி ஒருநாள் ஊறவைக்கிறது நல்லது. வெளிய எடுத்து நல்லா காயவிட்டு மாட்டுங்க. அடுப்பு, மெழுகுவத்தி பக்கம் வைக்கக்கூடாது.

குளச்சல்_ஆறுகம்பி
புள்ளிகள் ஃப்ரெட்டுக்கு நேராத்தான் இருக்கு. சேடிலையும் தேய்ச்சாச்சு, கோடு போயிடுச்சு. இப்போ புதுசா மாட்டணும். சரியான முறையை ஒருதடவை முழுசா சொல்லுங்க அண்ணே. பின் உட்கார்ற விஷயத்துலதான் எனக்குச் சந்தேகம்.

தக்கலைப்_பட்டறை
சொல்றேன். முதல்ல எல்லாக் கம்பியையும் தளர்த்து. இறுக்கமா இருக்கும்போது கட்டிங் பிளேயர் வைக்காதே. 12–53 செட்டு முழு சுரத்துல மொத்தமா 70 கிலோவுக்கு மேல இழுத்துட்டு நிக்கும். திடீர்னு வெட்டினா கண்ணுல அடிக்கும், பலகைக்கும் அதிர்ச்சி. தொங்குற அளவுக்குத் தளர்ந்ததும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்துல வெட்டு.

பின்னைப் பிளேயரால பிடுங்காதே, தலை நசுங்கும். கீயைச் சுத்துற வைண்டர்ல அதுக்குன்னு ஒரு பள்ளம் இருக்கும். வரலன்னா ஒலித்துளைக்குள்ள கையை விட்டு ஒரு நாணயத்தால அடியில இருந்து தள்ளு. எந்தப் பின் எந்த ஓட்டையில இருந்ததோ அந்த வரிசையிலயே எடுத்து வை.

கம்பி இல்லாத நேரத்துல ஃப்ரெட்போர்டைத் துடை. ஃப்ரெட் பச்சை பிடிச்சிருந்தா 0000 ஸ்டீல் உல், மரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு. எலக்ட்ரிக் கிட்டார்ல இதைச் செய்யணும்னா பிக்கப்பையும் டேப் போட்டு மூடு. இரும்புத் தூள் காந்தத்துல ஒட்டினா எடுக்கிறது பெரும்பாடு.

இப்போ பின். புதுக் கம்பியோட உருண்டைக்கு மேல ஒரு செ.மீ. விட்டு லேசா வளை. ஓட்டையில இறக்கு. பின்னோட பள்ளம் ஒலித்துளையைப் பார்த்து இருக்கணும், கம்பி அந்தப் பள்ளத்துல உட்காரணும். பின்னைக் கட்டைவிரலால லேசா அமுக்கிக்கிட்டே மறு கையால கம்பியை மேல இழு. உருண்டை அடிப்பலகையில ‘டக்’னு முட்டுறது கைக்குத் தெரியும். இழுக்கும்போது பின் மேல எழும்பினா உருண்டை பின்னோட நுனியில நிக்குது, கழற்றித் திரும்ப இறக்கு. பின் ஆப்பு இல்ல, அடிச்சு இறுக்குற பொருளும் இல்ல. உருண்டை நகராம ஓரத்துக்குத் தள்ளி வைக்கிறது மட்டும்தான் அதுக்கு வேலை. சந்தேகம் இருந்தா போனை ஒலித்துளைக்குள்ள காட்டி ஒரு படம் எடு, ஆறு உருண்டையும் பலகையை ஒட்டி நிக்கிறது தெரியும்.

தண்டுல எவ்வளவு மிச்சம் விடணும்னு கேட்பே. கம்பியை இழுத்துப் பிடிச்சு, அதோட தண்டைத் தாண்டி அஞ்சு ஆறு செ.மீ. விடு. ஆறு, அஞ்சு, நாலுக்கு ரெண்டு ரெண்டரைச் சுற்று வரும். மெல்லிசுக்கு ஒரு செ.மீ. கூட விட்டா நாலு சுற்று வரும். சுற்று எல்லாம் மேல இருந்து கீழ இறங்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. ஏறினா அதுதான் பின்னாடி நழுவிச் சுரம் இறங்கும். கம்பி எப்பவும் தண்டோட உட்பக்கமாப் போகணும். முன்னால இருந்து பார்த்தா தடிச்ச கம்பிப் பக்கத் தண்டு மூணும் இடஞ்சுழி, மெல்லிசுப் பக்கம் மூணும் வலஞ்சுழி. சுற்றுக் கம்பியை முன்கூட்டி வெட்டுறதா இருந்தா முதல்ல 90 டிகிரி வளைச்சு, வளைவுக்கு அந்தப் பக்கம் வெட்டு. நேரா வெட்டினா சுற்று உள்ளேயே தளர்ந்து அந்தக் கம்பி செத்த ஒலி கொடுக்கும்.

நட் பள்ளத்துல 4பி பென்சிலால ரெண்டு கோடு இழு. கரி வழுக்கிவிடும்.

சுரம் சேர்த்ததும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுகிட்ட கம்பியை விரலால ஒரு செ.மீ. தூக்கி விடு, பிடுங்காதே. சுரம் இறங்கும், திரும்பச் சேர். நாலு தடவை பண்ணினா நின்னுடும். இதைப் பண்ணாம மேடை ஏறினா முதல் பாட்டு முடியுமுன்னே ஆறும் ஆறு பக்கம் போகும்.

பேச்சிப்பாறை_மழை
ஒரு சந்தேகம். எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினால் கழுத்து வளைந்துவிடும், ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்று பலரும் சொல்கிறார்களே?

தக்கலைப்_பட்டறை
பின் போட்ட சாதாரண அக்கூஸ்டிக்குக்கு ஒரு மணி நேரம் கம்பி இல்லாம இருந்தா ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்குல கழற்றிப் போட்டா வேற கதை. ஒவ்வொண்ணா மாத்த வேண்டியது மிதக்கிற பிரிட்ஜ் உள்ளதுக்கு. ஆர்ச்டாப்ல பிரிட்ஜ் கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது, எல்லாத்தையும் எடுத்தா இடம் மாறிடும். மிதக்கிற ட்ரெமோலோ உள்ள எலக்ட்ரிக்கும் அப்படித்தான், ஸ்பிரிங் பக்கம் இழுத்துடும்.

முட்டம்_ஸ்ட்ரம்
கோட்டிங் உள்ள கம்பி எங்கள மாதிரி கரையோரத்துக்குக் காசுக்கு ஏத்ததுதான். விலை ரெண்டு மடங்குக்கு மேல வரும், ஆனா இங்க மூணு மாசம் தாங்கும். சாதாரணச் செட்டு தினமும் வாசிச்சா ஒரு மாசம்தான். முட்டத்துல ஆடி மாசக் காத்துக்கு அதுவும் கஷ்டம். வாங்கும்போது ஒண்ணு கவனிங்க: சுற்றுக் கம்பிக்கு மட்டும் கோட்டிங் போட்டுட்டு ஒண்ணையும் ரெண்டையும் வெறுமனே விட்ட செட்டும் உண்டு. இங்க முதல்ல போறதே அந்த ரெண்டும்தான். எலிக்ஸிர்ல வெறும் கம்பிக்கும் துருத்தடுப்பு இருக்கு. டடாரியோ செட்டுல உருண்டைக்கு நிறம் வச்சிருப்பாங்க: ஆறு பித்தளை, அஞ்சு சிவப்பு, நாலு கறுப்பு, மூணு பச்சை, ரெண்டு ஊதா, ஒண்ணு வெள்ளி. உறையில நம்பர் பார்க்காம மாட்டிடலாம். அந்தப் பிளாஸ்டிக் உறை துருத்தடுப்பு உறை, மாட்டுற அன்னைக்கு மட்டும் பிரிங்க. உதிரி முதல் கம்பி ஒண்ணு ரெண்டு வாங்கி வச்சா ஜிப் பையில சிலிகா ஜெல் பொட்டலத்தோட போட்டு வைங்க.

கேரல் ரவுண்டுக்குப் போறவங்களுக்கு: பனியில ராத்திரி முழுக்க வாசிச்சுட்டு அப்படியே பேக்ல போட்டு மூடினா காலையில போச்சு. வீட்டுக்கு வந்ததும் துவர்த்தால (துண்டால) மேலயும் அடியிலயும் துடைச்சு, கால் மணி நேரம் காத்தாட வச்சுட்டு மூடுங்க.

குளச்சல்_ஆறுகம்பி
சரி. 12க்குப் பதிலா 11–52 போட்டா அறுகுறது குறையுமா?

தக்கலைப்_பட்டறை
அறுகுறதுக்கும் தடிமனுக்கும் நீ நினைக்கிற சம்பந்தம் இல்ல. ஒரே சுரத்துல 12 தடிமன் முதல் கம்பி ஏறக்குறைய பத்தரை கிலோ இழுக்கும், 10 தடிமன் ஏழரைக்குள்ள. இழுவை குறைஞ்சாலும் கம்பியும் அதே கணக்குல மெலிஞ்சுதான் இருக்கு. கையில தோல் தேயாம வாசிக்கணும்னா 11க்கு மாறு, அது நியாயமான காரணம். ஆனா மாறினா கழுத்து கொஞ்சம் பின்னுக்குப் போகும், கம்பி ஃப்ரெட்டுல இரையலாம். முதல் ஃப்ரெட்டையும் பதினாலாம் ஃப்ரெட்டையும் ஒரே நேரம் அமுக்கி, ஏழாம் ஃப்ரெட்டுல கம்பிக்கு அடியில விசிட்டிங் கார்டு நுழையுதா பாரு, 0.2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. இடைவெளியே இல்லன்னா டிரஸ் ராடை (கழுத்துக்குள்ள இருக்கிற இரும்புத் தண்டு) இடப்பக்கம் கால் சுற்று தளர்த்து. ஒருநாள் விட்டுத் திரும்பப் பாரு. கால் சுற்றுக்கு மேல ஒரே நாள்ல திருப்பாதே.

கொயர்ல பாடுறவங்களுக்காக சுரம் ஏத்திக் கட்டுற பழக்கம் இருந்தா அதை விடு. அரைச்சுரம் ஏத்தினா இழுவை 12 சதவீதம் கூடும், முழுச்சுரம்னா 26. அதுக்குத்தான் கழுத்துல மாட்டுற கேபோ கவ்வி இருக்கு.

திருவட்டாறு_நைலான்
நைலான் கிட்டார்காரங்களும் இந்த இழையைப் படிப்பாங்கன்னு நினைக்கிறேன், அதனால சொல்றேன். கிளாசிக்கல் கிட்டார்ல ஸ்டீல் கம்பி போடாதீங்க, அறுகாத கம்பி வேணும்னு போட்டவங்க கிட்டார்ல பிரிட்ஜ் பிய்ஞ்சு வரும். நைலான் செட்டு மொத்தமே 40 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். உள்ளே இருக்கிற தாங்குக்கட்டை அந்த அளவுக்குத்தான் செஞ்சது. நைலான் துருப்பிடிக்காது, ஆனா நாலு, அஞ்சு, ஆறுல இருக்கிற வெள்ளி முலாம் செம்புக் கம்பி இங்க சீக்கிரம் கறுக்கும். மூணு மெல்லிசையும் விட்டுட்டு தடிச்ச மூணை மட்டும் மாத்தினாலும் போதும். பிரிட்ஜுல கட்டும்போது தடிச்சதுக்கு ஒரு சுற்று, மெல்லிசுக்கு ரெண்டு மூணு சுற்று. கடைசிச் சுற்று கட்டைக்குப் பின்விளிம்புக்குக் கீழ மாட்டணும். மேலேயே நின்னா முதல் கம்பி நழுவி, நுனி பலகையில அடிச்சுப் பள்ளம் போட்டுடும். நைலான் இழுபட்டு நிக்க அஞ்சாறு நாள் ஆகும், திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாட்டுங்க. ஸ்டீலுக்கு ரெண்டு நாள் போதும்.

குளச்சல்_ஆறுகம்பி
மாட்டியாச்சு. போன் படத்துல பார்த்தா ரெண்டாம் கம்பியோட உருண்டை பின் நுனியிலதான் நின்னது, கழற்றித் திரும்பப் போட்டேன். கேஸ்ல சிலிகா ஜெல் எவ்வளவு வைக்கணும்?

சாமித்தோப்பு_காற்று
மூடினால் காற்று புகாத கெட்டிக் கேஸ் என்றால் 50 கிராம் பொட்டலம் இரண்டு. ஒன்று தலைப்பக்கம், ஒன்று கழுத்துக்கு அடியில். துணிப் பேக்கில் வைத்துப் பயனில்லை, ஜிப் வழியாகவே ஊரின் ஈரமெல்லாம் வரும். ஒரு சின்ன ஈரமானியும் உள்ளே போடுங்கள். 45 முதல் 55 வரை நின்றால் மரத்துக்கும் கம்பிக்கும் நல்லது. 40க்குக் கீழே போனால் ஒரு பொட்டலத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பலகை வெடிக்கும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் தட்டில் பரப்பி 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். நீல மணி வாங்காதீர்கள், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சாப்பாட்டு அடுப்பில் வைக்கக்கூடாத பொருள். பாக்கெட் கிழிந்து மணி கிட்டாருக்குள் விழாதபடி ஒரு துணிப்பையில் போட்டுத் தையுங்கள்.

கிட்டாரை மேற்குச் சன்னல் பக்கச் சுவரில் மாட்டியிருந்தால் வேறு சுவருக்கு மாற்றுங்கள். குளச்சலில் கடல்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

தக்கலைப்_பட்டறை
வெட்டின பழைய கம்பியை அப்படியே குப்பையில வீசிடாதே மக்கா. சுருட்டி டேப் சுத்தி ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி வை. கம்பி நுனி கால்ல ஏறினா வெளிய தெரியாது, ஆடு மாடு தின்னாலும் ஆபத்து. முதல் கம்பியில ஒரு துண்டை மட்டும் எடுத்து வச்சுக்கோ. அடுத்தது அறுந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சு நீளம் பாரு. அதே இடம்னா சேடில்ல இன்னும் கூர் மிச்சம் இருக்கு, 1000 பேப்பர்ல இன்னும் நாலு இழுப்பு.